கம்பப் புடுங்கிட்டு "சிலம்பம் தோத்துருச்சு"ன்னா எப்படி? பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்) கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் அண்ணனுக்கும் கமிட்டியில உள்ள மத்த அண்ணன்மார் அக்காமாருக்கும்,

பாலாய் ராயா கதவுல நீங்க ஒட்டுன நோட்டீஸ படிச்சேன். வர்ற மாசத்துலேர்ந்து செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் சாயங்காலம் டேவான் (மண்டபம்) தேக்குவாண்டோ கிளாஸுக்கு மட்டும்தான், சிலம்பம் கிளாஸ் கோயிலுக்குப் பின்னால உள்ள பாடாங் திடலுக்குப் போகணும்னு போட்டிருக்கீங்க. இடம் பத்தலன்னு மட்டும் எழுதியிருந்தா நான் இத எழுதியிருக்கவே மாட்டேன், வாங்க உக்காந்து ஒரு டைம்டேபிள் போடலாம்னு நேரா வந்திருப்பேன். ஆனா நீங்க எழுதின காரணம் "தற்காப்புக்கு உண்மையில் பயன்படும் கலைக்கு முன்னுரிமை". கூட்டத்துல வாயால சொன்னது இன்னும் பச்சையா இருந்துச்சு, சிலம்பம் திருவிழாவுக்கு நல்லா இருக்கும், சண்டைக்கு ஒதவாதுன்னு. அந்தக் காரணம் தப்பு. அதுக்குத்தான் இந்த மடல்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், எனக்கு தேக்குவாண்டோ மேல எந்தக் கோவமும் கெடையாது. என் மகன் அந்தக் கிளாஸுக்குத்தான் போறான், நானே இடைநிலைப் பள்ளியில படிக்கும்போது சிவப்பு பெல்ட் வரைக்கும் எடுத்தவ. மக சிலம்பத்துக்குப் போறா. ரெண்டு கிளாஸுக்கும் மாசா மாசம் பீஸ் கட்டுறது நான்தான், ரெண்டு கிளாஸ் முடியிற வரைக்கும் வெளிய சிமெண்டு திட்டுல உக்காந்து கொசுக்கடி வாங்குறதும் நான்தான். அதனால எந்தப் பக்கமும் சாயாம சொல்றேன்னு நம்பலாம்.

போன மாசம் ஞாயித்துக்கிழம நடந்த "டெமோ"வ வச்சுத்தான் இந்த முடிவுன்னு எல்லாருக்கும் தெரியும். அத நான் முன் வரிசையில உக்காந்து பாத்தேன். சிலம்பத்துப் பையன் கம்போட வந்து நின்னான், உடனே கமிட்டியிலேர்ந்து ஒருத்தர் எந்திரிச்சு கம்பு வேணாம்யா, ரத்தம் கித்தம் வந்துச்சுன்னா போலிஸ் கேஸாயிரும்னு சொல்லி கம்ப வாங்கி சுவத்துல சாச்சு வச்சாரு. சரி, பாதுகாப்புன்னு விட்டுடலாம். அப்புறம் ரூல்ஸ் சொன்னாங்க: மூஞ்சில குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழ ஒதைக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, பாய விட்டு வெளிய கால் வைக்கக் கூடாது. இதெல்லாம் அப்படியே தேக்குவாண்டோ போட்டி ரூல்ஸ். சிலம்பத்துல முதல் நாள்லேர்ந்து சொல்லிக் குடுக்குறதே நேருக்கு நேரா நிக்காத, கோணம் மாறி சுத்திப் போ, எதிராளியோட கோட்டுலேர்ந்து வெலகுன்னுதான். அந்தப் பையன் பழகுன காலடிய அப்படியே வச்சான், ஒவ்வொரு தடவையும் பாய்க்கு வெளிய போயிட்டான், ஒவ்வொண்ணுக்கும் எதிராளிக்கு ஒரு பாயிண்டு. நாலாவது தடவையோ என்னவோ, வெலகாம பாய்க்குள்ளயே நின்னு பாத்தான், வயித்துல நல்லா ஒரு ஒதை வாங்கினான். எல்லாரும் கை தட்டுனீங்க. செயலாளர் அண்ணன் மைக்க வாங்கி "பாத்தீங்களா, இதுதான் பிராக்டிக்கல்"னு சொன்னீங்க.

இது ரப்பர் மரம் சீவுறவன் கையிலேர்ந்து உளிய வாங்கி வச்சுட்டு, இவனுக்கு பால் வெட்டத் தெரியலன்னு செக்ரோல்ல (தோட்டத்து ஆள் பதிவேட்டுல) எழுதுன மாதிரி இருக்கு. எதிர நின்ன பையனையும் நான் குத்தம் சொல்லல, நல்லா ஆடுனான், அவனுக்கும் இவனுக்கும் ஒரு பத்து கிலோவாவது வித்தியாசம் இருக்கும், அதையும் யாரும் பாக்கல. ஏற்பாடு பண்ணவரோட மகனே தேக்குவாண்டோ கிளாஸுல அசிஸ்டண்டா இருக்காருங்கறதையும் யாரும் பேசல.

இந்த "எந்தக் கலை பெருசு"ங்கற சண்டை உலகம் முழுக்க நடந்ததுதான், அதுலேர்ந்து கத்துக்க நெறைய இருக்கு. நம்ம தாமான் (குடியிருப்பு) வாட்சப் குரூப்புல பசங்க அடிக்கடி போடுற யூஎஃப்சி கூண்டுச் சண்டைப் போட்டி இருக்குல்ல, அதோட முதல் போட்டி 1993 நவம்பர் 12ல அமெரிக்காவுல டென்வர்ல நடந்துச்சு. பாக்ஸர், சுமோ, கராத்தே, கிக்பாக்ஸிங்னு ஆளாளுக்கு ஒரு கலை, எட எடுத்து பிரிக்கிறதும் கெடையாது, கடிக்கக் கூடாது கண்ணக் குத்தக் கூடாது, அது தவிர பெரிய தடையும் இல்ல. பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி, பாக்க ஒல்லியா, ஒரே ராத்திரியில மூணு பேர கீழ தள்ளி பூட்டுப் போட்டு ஜெயிச்சாரு. அன்னிக்கு உலகமே அவரோட கலையான ஜூஜிட்சுதான் ராஜான்னு சொல்லுச்சு. ஆனா அந்தப் போட்டிய ஆரம்பிச்சதுல ஒருத்தர் ராய்ஸோட அண்ணன் ரோரியன் கிரேசி, தங்களோட குடும்பக் கலைய உலகத்துக்குக் காட்டணும்னுதான் ஆரம்பிச்சாரு. ராய்ஸோட திறமைய இது குறைக்கல, அன்னிக்கு அவர் செஞ்சது உண்மையிலேயே பெரிய வேலை. ஆனா கதை அங்க முடியல. தரையில பூட்டுப் போடுறது எப்படின்னு மத்தவங்களும் கத்துக்கிட்டாங்க, 2006ல அதே ராய்ஸ, மல்யுத்தத்துலேர்ந்து வந்து ஜூஜிட்சுவும் கத்துக்கிட்ட மேட் ஹியூஸ் முதல் ரவுண்டுலயே முடிச்சாரு. பதிமூணு வருசத்துல "ராஜா" மாறியாச்சு. ஒரு ராத்திரி ரிசல்ட்ட வச்சு ஒரு கலைக்கு சாவி குடுத்து இன்னொண்ண வெளிய தள்ளியிருந்தா என்னாகியிருக்கும்?

ரூல்ஸ் எப்படி வேலை செய்யும்னு இன்னொண்ணும் பாருங்க. நம்ம மலேசியாவுல கெடாக்காரங்களுக்கு தொமோய் (தாய்லாந்து பாக்ஸிங் மாதிரி ஒதைச்சு ஆடுற சண்டை) புதுசில்ல, தாய்லாந்து பார்டர் பக்கத்துல தானே இருக்கோம். 1988ல லாஸ் வேகாஸ்ல ரிக் ரூஃபஸ்னு ஒரு அமெரிக்க கிக்பாக்ஸரும் சாங்புவாக்னு ஒரு தாய் வீரரும் மோதுனாங்க. முதல் ரவுண்டுல ரூஃபஸ் தாய்க்காரரோட தாடைய ஒடச்சுட்டாரு, கீழயும் விழ வச்சாரு. ஆனா அன்னிக்கு தொடையில ஒதைக்கலாம்னு ரூல்ஸ். ரூஃபஸ் பழகுன கிக்பாக்ஸிங்ல இடுப்புக்குக் கீழ ஒதையே கெடையாது. தாய்க்காரர் ஒடஞ்ச தாடையோட நின்னு தொடையிலயே ஒதைச்சு ஒதைச்சு, நாலாவது ரவுண்டுல ரூஃபஸால நிக்க முடியாம போயிருச்சு. அதே ரெண்டு பேரு, தொடையில ஒதைக்கக் கூடாதுன்னு ஒரு வரி மட்டும் சேத்திருந்தா, அனேகமா ரிசல்ட்டு தலகீழ்.

இன்னும் பக்கத்துல வரணும்னா டோக்கியோ ஒலிம்பிக். 2021 ஆகஸ்டுல கராத்தே பைனல், சவுதிக்காரர் தாரெக் ஹமேதி 4க்கு 1னு முன்னால இருக்காரு, தலையில ஒரே ஒதை, ஈரான்காரர் சஜ்ஜாத் கன்ஜ்சாதே மயக்கம் போட்டு ஸ்ட்ரெச்சர்ல போறாரு. தங்கம் யாருக்கு? ஸ்ட்ரெச்சர்ல போனவருக்கு. ஏன்னா அந்தப் போட்டியில அடிய கட்டுப்படுத்தணும்னு ரூல்ஸ், கட்டுப்பாடில்லாம அடிச்சதுக்கு ஹமேதிய டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. தப்புன்னு சொல்ல வரல, விளையாட்டுன்னா அப்படித்தான். நம்ம டேவான்ல ஒரு பாய் விரிச்சு ஒரு பக்கத்து ரூல்ஸ் போட்டு நடத்துன பத்து நிமிஷத்த "உண்மையான சண்டை"ன்னு சொல்லாதீங்கங்கறேன், அவ்வளவுதான்.

எங்கப்பா காலத்து ஆளுங்க கமிட்டியில இருக்கீங்க, முகமது அலி கோலாலம்பூர் வந்தத மறந்திருக்க மாட்டீங்க. 1975 ஜூலை 1, மெர்டேக்கா ஸ்டேடியம், ஜோ பக்னரோட 15 ரவுண்டு. அதே அலி மறு வருசம் ஜூன்ல டோக்கியோ போயி அன்டோனியோ இனோக்கிங்கற மல்யுத்தக்காரரோட மோதுனாரு. இனோக்கி முக்கால்வாசி நேரம் தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டு அலியோட கால ஒதைச்சுக்கிட்டே இருந்தாரு, அலியால குனிஞ்சு குத்தவும் முடியல, ஒண்ணும் பண்ணவும் முடியல, கடைசியில டிரா. உலகத்துலயே பெரிய பாக்ஸர். அதுக்கப்புறம் பாக்ஸிங் ஒதவாதுன்னு யாராவது பாக்ஸிங் ஜிம்ம பூட்டுனாங்களா?

சரி, அப்போ எல்லாக் கலையும் ஒண்ணுதானான்னு கேப்பீங்க. இல்ல. நான் அந்த மழுப்பல் பதில் சொல்ல வரல. சண்டைக்கு ஒதவுற பயிற்சி ஒதவாத பயிற்சின்னு நிச்சயமா ரெண்டு இருக்கு, ஆனா அந்தக் கோடு கலைக்கும் கலைக்கும் நடுவுல இல்ல, கிளாஸுக்குள்ள எப்படி பழகுறாங்கங்கறதுல இருக்கு. செயலாளர் அண்ணன் குரூப்புல ஃபார்வேர்ட் பண்ண வீடியோவயே எடுத்துக்குவோம், 2017ல சீனாவுல செங்டூவுல எம்எம்ஏ (பல கலையும் கலந்த சண்டை) காரர் ஷூ சியாவ்டோங், தாய்ச்சி மாஸ்டர்னு சொல்லிக்கிட்ட வெய் லெய்ய சில வினாடியிலயே அடிச்சுப் போட்ட வீடியோ. அதப் போட்டு "பாரம்பரியக் கலையெல்லாம் இப்படித்தான்"னு எழுதினீங்க. அந்த வீடியோவுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், வெய் லெய்யப் பாத்தா நெசமா அடிக்க வர்ற ஆளோட பழகுனவரு மாதிரியே தெரியல. கை எங்க வைக்கணும்னே தெரியாம நின்னாரு. பாரம்பரியமா நவீனமாங்கறது அங்க விஷயமே இல்ல.

ஜூடோவப் பாருங்க. 1882ல ஜப்பான்ல ஜிகோரோ கானோ கொடோக்கான் ஆரம்பிச்சப்போ, பழைய ஜூஜுட்சுவுல இருந்த ஆபத்தான அடி, குத்தையெல்லாம் பயிற்சிச் சண்டையிலேர்ந்து எடுத்துட்டாரு. எறியிறது, பிடிக்கிறது, பூட்டுறது, இத மட்டும் வச்சு முழு பலத்தோட, எதிராளி விட்டுக் குடுக்காம, தெனமும் மோதிப் பழகச் சொன்னாரு. கேக்குறதுக்கு கலைய மழுங்கடிச்ச மாதிரி இருக்கு, ஆனா அதனாலதான் அவங்க ஆளுங்க பலமானாங்க, "கண்ணக் குத்துவேன் கழுத்த ஒடைப்பேன்"னு காத்துல பழகுனவங்களவிட, நெசமா ஒருத்தன தூக்கிப் போட்டுப் பழகுனவன் கைதான் நேரம் வந்தா தானா வேலை செய்யும்.

இந்த அளவுகோல நம்ம ரெண்டு கிளாஸுக்கும் வைங்க. சிலம்பத்துல வியாழக்கிழமை என்ன நடக்குதுன்னு கமிட்டியில ஒருத்தராவது வந்து பாத்திருக்கீங்களா? ஆசான் ரோத்தான் (பிரம்பு) கம்போட நுனியில பழைய துணியச் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, சுண்ணாம்புத் தண்ணியில முக்கிக் குடுப்பாரு. புள்ளைங்க எல்லாம் கருப்பு டீசட்டை. ஜோடி ஜோடியா நின்னு, யாரு உடம்புல எத்தன வெள்ளைப் பொட்டுன்னு கணக்கு. முதல் அடி எப்பவும் வெரல்லதான் விழும், கம்பப் பிடிச்ச கை தானே எதிராளிக்கு கிட்ட இருக்கு, என் மகளுக்கு கட்ட வெரல் நகம் கருத்துப் போயி அது வளந்து வெளிய வர்றதுக்கு ரொம்ப நாளாச்சு. இப்போ அவ கம்பு வர்றதுக்கு முன்னாடியே கையை இழுத்துக்கிட்டு கால் மாத்திடுறா. தூரம் பாக்குறது, வர்ற அடியப் பாத்து பயந்து கண்ண மூடாம இருக்குறது, அடி விழுந்தும் நிக்கிறது, இதெல்லாம் அந்த வெள்ளைப் பொட்டுலேர்ந்து வந்தது. துணி துவைக்கிறதுதான் பெரிய தொல்லை, சுண்ணாம்பு லேசுல போகாது, அதப் பத்தி ஆசான்கிட்ட தனியா சண்ட போட்டிருக்கேன்.

ஆசான் பக்கத்துலயும் கொறை இல்லாம இல்ல. திருவிழா வருதுன்னா ரெண்டு மூணு மாசத்துக்கு ஜோடிப் பயிற்சியே கெடையாது, அலங்கார வரிசை, ரெட்டக் கம்பு சுத்துறது, நெருப்புப் பந்தம், இதுதான். மேடைக்கு அழகு, ஆனா அந்த மாசமெல்லாம் ஒரு புள்ளையும் ஒரு பொட்டு வாங்குறது இல்ல. அப்புறம் குங்ஃபூவே காஞ்சிபுரத்துப் போதிதர்மர் நம்மகிட்டேர்ந்து கொண்டு போனதுதான், அதனால நம்ம கலைதான் எல்லாத்துக்கும் தாய்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாரு. போதிதர்மர் பேர்ல ஒடற்பயிற்சி சொல்ற அந்தச் சீனப் புத்தகம் 17ஆம் நூற்றாண்டுல வந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருசம் கழிச்சு. ஆசான் கோவிச்சுக்கக் கூடாது, அந்தக் கதைய வச்சு கம்பு நல்லாவும் சுத்தாது, கெட்டும் சுத்தாது.

தேக்குவாண்டோ கிளாஸுல பிடிச்சது, வாரம் தவறாம ஸ்பாரிங் உண்டு. என் மகனுக்கு மூச்சு வாங்காம ஓட முடியுது, கால் எவ்வளவு தூரம் போகும்னு தெரியுது. ஆனா ஒலிம்பிக் ரூல்ஸ்ல தலையில குத்துறதுக்குத் தடை, நெஞ்சுல குத்துனா 1 பாயிண்டு, தலையில ஒதைச்சா 3, சுத்தித் திரும்பி தலையில ஒதைச்சா 5. அப்போ புள்ளைங்க எதப் பழகுவாங்க? கையத் தொங்கப் போட்டுக்கிட்டு கால மட்டும் நம்புவாங்க. நான் பழகுன காலத்துலயே என் கை இடுப்புக்கு மேல ஏறாது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில ஒருத்தன் மூஞ்சில குத்த வந்தா அந்தக் கை எங்க இருக்கும்? இத நான் மாஸ்டர்கிட்டயே கேட்டேன், ஆமாக்கா, அது போட்டிக்குப் பழகுறது, தற்காப்புக்கு தனியா சொல்லிக் குடுக்கணும்னு அவரே ஒத்துக்கிட்டாரு. நல்ல மனுஷன். டெமோ முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் அவர்தான் ஆசான்கிட்ட வந்து அந்தக் காலடிய இன்னொரு தடவ காட்டச் சொன்னாரு, ரெண்டு பேரும் பாய்க்கு வெளிய ரொம்ப நேரம் கால் மாத்திக்கிட்டு நின்னாங்க. மாஸ்டர்களுக்குள்ள சண்டையே இல்ல, சண்டை முழுக்க நம்ம குரூப்புலதான்.

தேக்குவாண்டோ இந்த நாட்டுக்கு வந்ததே 1960கள் தொடக்கத்துல, தென்கொரியா தூதரா இங்க வந்த ஜெனரல் சோய் ஹோங் ஹி மூலமா. அறுபது சொச்சம் வருசத்துல அது நம்ம புள்ளைங்க கலையாவும் ஆயிருச்சு, நல்லதுதான். சிலம்பம் அதுக்கு முன்னாடியே லயத்துல (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில) இருந்துச்சு. எங்க தாத்தா தீம்பார்ல (தோட்டத்துல) பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு மரம் சீவப் போயிட்டு வந்து, சாயங்காலம் லயத்துக்குப் பின்னால கம்பு சுத்துனத எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். பழசுங்கறதால டேவான் குடுங்கன்னு கேக்கல, பழசுங்கறதால ஒதுக்காதீங்கன்னு கேக்குறேன். பக்கத்து நாட்டப் பாருங்க, பிலிப்பைன்ஸ்ல அவங்க கம்புக் கலை ஆர்னிஸ்ஸ 2009ல சட்டம் போட்டே தேசிய விளையாட்டாக்கிட்டாங்க. தமிழ்நாட்டுல 2024 ஜனவரியில நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில சிலம்பத்த டெமோ விளையாட்டா வச்சாங்க, அங்கயும் டெமோதான், ஆனா கையில கம்போட.

எம்எம்ஏதான் டாப்பு, மத்ததெல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்ற தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம நாட்டுத் தமிழ்ப் பையன் அகிலன் தானி 2017ல ஒன் சாம்பியன்ஷிப்ங்கற எம்எம்ஏ போட்டிப் பட்டத்துக்கு பென் அஸ்க்ரனோட மோதுனத எல்லாரும் பாத்தோம், முதல் ரவுண்டுலயே தோத்தாரு, எதிர நின்னது ஒலிம்பிக் மல்யுத்தக்காரர். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா அகிலன் ஜூஜிட்சு பக்கம் வந்ததே ஒடம்பு எடயக் கொறைக்கத்தான். எதுக்குப் பயன்படணும்னு கேக்காம எது பயன்படும்னு மட்டும் கேட்டா இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டு பேசுவோம்.

நம்ம பட்டணத்துல புள்ளைங்களுக்கு வர்ற ஆபத்து கூண்டுக்குள்ள வராது. காலையில இருட்டோட ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிக்கும்போது என் கைப்பையை மோட்டார்ல வந்த ரெண்டு பேரு இழுத்தானுங்க. நான் பைய விட்டுட்டு பின்னால நகந்து கத்தினேன், பையில ஐசி அடையாள அட்டையும் சாப்பாட்டு டப்பாவும் போச்சு, நான் நின்ன எடத்துலயே முழுசா நின்னேன். அதே மாதிரி வாரைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு ரோட்டுல இழுபட்டுப் போன ஒரு அக்கா எங்க ஃபேக்டரி லைன்லயே இருக்காங்க, இன்னும் தோள் சரியா தூக்க முடியாது. அன்னிக்கு என்னக் காப்பாத்துனது ஒதையும் இல்ல கம்பும் இல்ல, பைய விட்டதும் கத்துனதும்தான். இது ஏதோ நான் சொல்ற கதை மட்டும் இல்ல. கனடாவுல மூணு பல்கலைக்கழகத்துல 893 பொண்ணுங்கள வச்சு பண்ண ஆய்வு ஒண்ணு 2015ல பெரிய மருத்துவ இதழ்ல வந்துச்சு. பன்னெண்டு மணி நேரப் பயிற்சி, அதுல ஆபத்த முன்கூட்டியே எடை போடுறது, தெரிஞ்சவனே எல்லை மீறுனா வாயத் தெறந்து எதுக்குறது, கடைசியா கை காலால எதுக்குறது. ஒரு வருசத்துல, பயிற்சி எடுத்தவங்கள்ல பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவங்க 5.2 விழுக்காடு, எடுக்காதவங்கள்ல 9.8. பெல்ட்டும் இல்ல, பரம்பரையும் இல்ல. நம்ம ரெண்டு கிளாஸுலயும் இத யாரும் சொல்லிக் குடுக்குறது இல்ல, கமிட்டிக்கு நெசமாவே "உண்மையில் பயன்படும்" விஷயத்துல அக்கற இருந்தா முதல்ல இதத்தான் கேட்டிருக்கணும். கூடவே நம்ம குற்றவியல் சட்டத்துல 96லேர்ந்து 106ஆவது பிரிவு வரைக்கும் தற்காப்பு உரிமை எவ்வளவு, எங்க முடியுதுன்னு இருக்கு, அதையும் யாராவது ஒரு வக்கீல வச்சு புள்ளைங்களுக்குச் சொல்லலாம். அளவுக்கு மீறி அடிச்சா தற்காப்புன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு கருப்பு பெல்ட்டு எடுத்த பசங்களுக்கே தெரியல.

இப்போ அந்தப் பாடாங்குக்கு வருவோம். ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதுவும் எரியிறது இல்ல. மழ பேஞ்சா கணுக்கால் வரைக்கும் சேறு. அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், பாம்பு வர்றது உங்களுக்கே தெரியும், கோயில் பூசாரி ரெண்டு தடவ தீயணைப்பு ஆளுங்களக் கூப்பிட்டாரு. சிலம்பம் கிளாஸுல பாதிக்கு மேல பொண்ணுங்க. மஃரிப் நேரம் தாண்டி இருட்டுல அங்க எந்த அம்மாவும் பொண்ண அனுப்ப மாட்டா, நானும் அனுப்ப மாட்டேன். அப்போ தற்காப்பு தற்காப்புன்னு சொல்லி, தற்காப்பு பழகுற பொண்ணுங்கள வீட்டுக்கு அனுப்புறீங்க. தேக்குவாண்டோவுக்கு மாசம் 60 வெள்ளி (ரிங்கிட்), பெல்ட் டெஸ்ட்டுக்குத் தனி. சிலம்பத்துக்கு 20 வெள்ளி, முடியாதவங்ககிட்ட ஆசான் வாங்குறதும் இல்ல. மூணு புள்ளைய வச்சிருக்குற வீட்டுல இது சின்ன வித்தியாசமா? தேக்குவாண்டோ கிளாஸு டேவானுக்கு வாடகை குடுக்குது, சிலம்பம் குடுக்கலங்கறதும் எனக்குத் தெரியும். வாடகதான் காரணம்னா வாடகன்னு நேரா சொல்லுங்க, பெத்தவங்க நாங்க பேசி ஏதாவது ஏற்பாடு பண்றோம். ஒரு கலைய ஒதவாததுன்னு முத்திர குத்தி அனுப்பாதீங்க, நாளைக்கு அந்தப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல அதே வார்த்தையக் கேக்கும், இப்பவே கேக்குது.

நான் கேக்குறது இதுதான். முதல்ல அந்த நோட்டீஸ எடுத்துட்டு, "உண்மையில் பயன்படும் கலை"ங்கற வரி இல்லாம வேற எழுதுங்க. செவ்வாய் தேக்குவாண்டோவுக்கு, வியாழன் சிலம்பத்துக்கு, சனிக்கிழமை ஆளுக்கு ஒண்ணரை மணி நேரம்னு பிரிச்சுக் குடுங்க, ரெண்டு மாஸ்டர்கிட்டயும் நான் பேசிட்டேன், ரெண்டு பேருக்கும் சம்மதம். டேவான் யாருக்குன்னு முடிவு பண்ண அளவுகோல் வேணும்னா ரெண்டு கிளாஸுக்கும் ஒரே மாதிரி வைங்க: வாரத்துல ஒரு நாளாவது ஜோடிப் பயிற்சி நடக்கணும், திருவிழா மாசத்துலயும் நடக்கணும், தலைக்கவசமும் முதலுதவிப் பெட்டியும் இருக்கணும், கிளாஸ் முடியிற வரைக்கும் பெரியவங்க ஒருத்தரு, அதுவும் ஒரு பொம்பள, அங்க இருக்கணும். அந்த வேலைக்கு ஆள் இல்லன்னா என் பேர எழுதிக்குங்க.

இன்னொரு டெமோ வைக்கணும்னு ஆச இருந்தா வைங்க, தடுக்கல. ஆனா ஒரு சுத்து பாய் ரூல்ஸ்ல, ஒரு சுத்து கம்பு ரூல்ஸ்ல, நுரை சுத்துன கம்போட, ஒரே எடையில உள்ள பசங்கள விட்டு, நடுவர் வெளியூர் ஆளா இருக்கட்டும், கமிட்டியோட சொந்தக்காரங்க வேணாம். ரிசல்ட்டு என்னவா இருந்தாலும் டேவான் சாவிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு முன்கூட்டியே எழுதிக் குடுங்க.

பள்ளி விடுமுறையில பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒரு பன்னெண்டு மணி நேரப் பயிற்சி, ரெண்டு மாஸ்டரும் சேந்து, போலிஸ் ஸ்டேசன்லேர்ந்து ஒரு அதிகாரியும் ஒரு வக்கீலும் வந்து பேசுற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, செலவுக்கு கமிட்டி நிதியிலேர்ந்து குடுங்க, மிச்சத்த நாங்க வசூல் பண்றோம். பாடாங் விளக்க யாரு பயன்படுத்துனாலும் சரி, நகராண்மைக் கழகத்துக்கு எழுதி எரிய வைங்க, எழுதின லெட்டரோட நகல எங்களுக்கும் காட்டுங்க.

இதுக்கெல்லாம் பதில குரூப்புல தம்ஸ் அப் போட்டு முடிக்காதீங்க. மாசம் முடியிறதுக்குள்ள ஒரு பொதுக்கூட்டம் போடுங்க, ரெண்டு மாஸ்டரையும் கூப்பிடுங்க, புள்ளைங்கள அனுப்புற அம்மாக்களுக்கும் மைக்க குடுங்க, நைட் ஷிஃப்ட்டுக்குப் போறவங்களும் வர்ற மாதிரி ஞாயித்துக்கிழம காலையில வைங்க. அது வரைக்கும் வியாழக்கிழமை சிலம்பம் கிளாஸ் டேவான்லயே நடக்கட்டும்.

இப்படிக்கு,
ரெண்டு கிளாஸுக்கும் பீஸ் கட்டுற ஒரு அம்மா